பம்புசெட்டுக்குப் போகும் கட்டளைக்கு முத்திரை போடுவது எப்படி

களக்காடு பக்கத்து வாழைத் தோட்டங்களுக்கு, மோட்டாரைத் தூரத்திலிருந்தே போடவும் நிறுத்தவும் லோரா (குறைந்த மின்சக்தியில் நெடுந்தூரம் பேசும் ரேடியோ) பெட்டி செய்து கொடுக்கிறேன். பட்டறை பாளையங்கோட்டையில். தோட்டக்கார அண்ணாச்சி ஒருவர் சொன்னார்: "நான் மோட்டார் போடுறத எவன் கேட்டா என்ன தம்பி? வேற எவனும் போட்டுரக் கூடாது, அதுதான் வேணும்." தேவையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. செய்தியை மறைக்க வேண்டியதில்லை. அனுப்பியவர் அவர்தான், வழியில் எதுவும் மாறவில்லை என்று ஷெட்டில் இருக்கும் சிப்புக்குத் தெரிந்தால் போதும்.

இதற்குச் செய்தியோடு ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து அனுப்ப வேண்டும்; அதைத்தான் முத்திரை என்கிறேன். அதைப் போட, கார்ட்டர், வெக்மன் என்ற கணினி அறிஞர்கள் 1981-இல் காட்டிய வழியைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். செய்தியை ரகசிய எண்ணால் பெருக்கிச் சுருக்கு. வந்த விடையை இன்னொரு ரகசிய எண்ணைக் கூட்டி மறை. முதல் எண்ணைப் பெருக்குச் சாவி என்றும் இரண்டாவதைக் கூட்டுச் சாவி என்றும் வைத்துக்கொள்வோம்.

ஒரு தாள் எடுத்துப் போட்டுப் பாருங்கள். எல்லாக் கணக்கும் 101-ஆல் வகுத்த மீதியில். பெருக்குச் சாவி 5, கூட்டுச் சாவி 40. செய்தி 12, 7, 30. பன்னிரண்டை ஐந்தால் பெருக்க 60. ஏழைக் கூட்டி மறுபடி பெருக்க 335, மீதி 32. முப்பதைக் கூட்டிப் பெருக்க 310, மீதி 7. அதோடு 40 சேர்த்தால் 47. அதுதான் முத்திரை. அதே சாவிகளை வைத்திருக்கும் ஷெட் சிப்பும் இதே கணக்கைப் போட்டு, வந்த முத்திரையோடு ஒப்பிடும். நடுவில் உள்ள 7-ஐ யாராவது 8 ஆக்கினால் முத்திரை 72 ஆகிவிடும். சாவி தெரியாதவன் மூன்று எண் கொண்ட செய்தியை அதே நீளத்துக்கு மாற்றி, முத்திரையையும் ஊகித்து அனுப்பினால், பெருக்குச் சாவிக்குரிய 101 மதிப்புகளில் அதிகபட்சம் மூன்றில்தான் அது ஒத்துப்போகும். மூன்றாம் படிச் சமன்பாட்டுக்கு மூன்று தீர்வுக்கு மேல் கிடையாது அல்லவா? இந்தக் காப்பு யாருடைய நம்பிக்கையிலும் நிற்கவில்லை, பள்ளிக்கூட இயற்கணிதத்தில் நிற்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அதுதான்.

நிஜத்தில் நான் போடுவது இதே வழியில் அமைந்த பாலி1305 என்ற முத்திரை முறை. டேனியல் பெர்ன்ஸ்டைன் 2005-இல் வெளியிட்டது. அங்கே 101-க்குப் பதில் 2¹³⁰ − 5 என்ற பகா எண். செய்தியை 16 பைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு 1 சேர்ப்பார்கள். அந்த 1 இல்லாவிட்டால் "0, 12" என்ற செய்திக்கும் வெறும் "12"-க்கும் ஒரே முத்திரை வந்துவிடும். துண்டுக்கு ஒரு பெருக்கல்தான், அதனால்தான் வேகம். ஆனால் "ஓடு", "நில்" போன்ற குட்டிக் கட்டளைக்கு லாபம் சொற்பம். நாள் முழுக்கச் சேர்ந்த வோல்டேஜ் பதிவை அனுப்பும்போதுதான் வித்தியாசம் தெரியும். நிரலை நீங்களே எழுத வேண்டாம். மோனோசைஃபர், லிப்சோடியம் என்ற நிரல் நூலகங்கள் இரண்டிலும் தயாராக இருக்கிறது.

உங்கள் கவனம் முழுக்கப் போக வேண்டிய இடம் கூட்டுச் சாவி. ஒவ்வொரு செய்திக்கும் அது புதிதாக இருந்தே ஆக வேண்டும். அதே சாவிகளால் 12-க்கு 100, 20-க்கு 39 என்று இரண்டு முத்திரை போட்டு அனுப்பினீர்கள் என்று வையுங்கள். ஒட்டுக் கேட்பவன் இரண்டையும் கழிப்பான்: 39-இல் 100 போனால் −61, அதோடு 101 கூட்டினால் 40. கூட்டுச் சாவி மறைந்துவிடும். எட்டு மடங்கு பெருக்குச் சாவி 40 என்று மிஞ்சும். சாவி 5. அப்புறம் அவன் இஷ்டத்துக்கு முத்திரை போடலாம்.

ஆகவே 32 பைட் மூலச் சாவி ஒன்றைப் பெட்டியில் வைத்து, செய்திக்கு ஒரு தடவை சாச்சா20-ஐ (மூலச் சாவியிலிருந்து ஊகிக்க முடியாத எண்களை உண்டாக்கும் முறை) ஓட்டி அந்தச் செய்திக்கான இரண்டு சாவிகளையும் எடுங்கள். அதற்குக் கொடுக்கும் 12 பைட் எண்ணில், முதல் 4 பைட் பெட்டி எண்ணும் திசையும், மீதி 8 பைட் கவுண்டர், அதாவது செய்திக்குச் செய்தி ஏறிக்கொண்டே போகும் எண். வீட்டிலிருந்து ஷெட்டுக்குப் போவதும் ஷெட்டிலிருந்து வரும் பதிலும் ஒரே எண்ணில் மோதக் கூடாது, அதற்குத்தான் திசை. அந்த 12 பைட்டும் செய்தியோடு வெளிப்படையாகவே போகலாம்.

கரண்ட் போய் வந்தால் கவுண்டர் பூஜ்யத்துக்குத் திரும்பவே கூடாது. ஒவ்வொரு தடவையும் ஃபிளாஷில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) எழுதினால் ஃபிளாஷ் தேய்ந்துபோகும். அதனால் ஆயிரம் எண்களை முன்கூட்டியே ஒதுக்கி, அந்த மேல் வரம்பை மட்டும் எழுதி வையுங்கள். மின்சாரம் திரும்பியதும் அந்த வரம்பிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் சில எண்கள் வீணானால் பரவாயில்லை.

வாங்கும் பக்கம், முத்திரை சரியென்று உறுதியான பிறகே கவுண்டரை நம்ப வேண்டும். கடைசியாக ஏற்றதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் மோட்டாரைப் போடலாம். இல்லாவிட்டால் நேற்றைய "ஓடு" செய்தியைப் பதிவு செய்து வைத்தவன் இன்று ராத்திரி திருப்பி அனுப்புவான். ஏற்ற கவுண்டரையும் ஃபிளாஷில் எழுதிவிட்டுத்தான் மோட்டாரைப் போடும் சுவிட்சான ரிலேவைத் தட்ட வேண்டும். முத்திரைகளை ஒப்பிட, சி மொழியில் பைட்டுகளை ஒப்பிடும் மெம்கம்ப் வேண்டாம். முதல் தப்பிலேயே அது நின்றுவிடுவதால், ஆன நேரத்தை அளந்து எத்தனை பைட் ஒத்துப்போனது என்று கண்டுபிடிக்க வழி உண்டு. நூலகத்தோடு வரும் ஒப்பீட்டையே கூப்பிடுங்கள். பாக்கெட் சின்னது என்று 16 பைட் முத்திரையை வெட்டவும் வேண்டாம்.

தோட்டத்தில் மாட்டுவதற்கு முன், சாச்சா20, பாலி1305 இரண்டையும் விவரிக்கும் ஆர்எஃப்சி 8439 என்ற இணைய ஆவணத்தில் உள்ள மாதிரிச் செய்திக்கு அங்கே அச்சிட்ட முத்திரையே வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு நல்ல பாக்கெட்டில் ஒவ்வொரு பிட்டாகப் புரட்டி அனுப்புங்கள்; ஒன்றுகூட ரிலேவைத் தட்டக் கூடாது. கடைசியாக, அனுப்பிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகி, கவுண்டர் முன்னே போயிருக்கிறதா என்று பாருங்கள்.