இடுப்பில் தெரியும் துப்பாக்கி: டெக்சஸில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

2016 ஜனவரி மாதம். மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தேன். வலது இடுப்பில், சட்டைக்கு வெளியே, தோல் உறையில் கைத்துப்பாக்கி. உரிமம் பெற்றவர்கள் அப்படி வெளிப்படையாக அணிந்து நடக்கலாம் என்ற சட்டம் அந்த மாதம் முதல் தேதிதான் டெக்சஸில் நடைமுறைக்கு வந்திருந்தது. உறையை ஏதோ உரசியது போலிருக்கவே சட்டெனத் திரும்பினேன். என் கை தானாகவே துப்பாக்கியின் மேல் போய் அமர்ந்தது. பின்னால் நின்றது நான்கு வயதுக் குழந்தை. இடுப்பு உறை அந்த வயதுக் குழந்தையின் கண்ணுக்கு நேராக இருக்கும். பளபளத்த பொத்தானை விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறாள். அவளுடைய அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு, வாங்க வந்த மருந்தை வாங்காமலே வெளியேறிவிட்டார்.

நான் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஆனாலும் தவறு என்னுடையது. டல்லஸ் புறநகரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இரவில் பணப்பையோடு தனியாகக் கார் வரை நடக்க வேண்டும் என்பதற்காக வாங்கிய துப்பாக்கி அது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வெளியே தெரியும்படி அணிந்தேன். இப்போது சட்டைக்குள் மறைத்தே அணிகிறேன். 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்து, வேறு சட்டத் தடை இல்லாதவர்களுக்கு உரிமமே தேவையில்லை என்று ஆகிவிட்டது. அதன் பிறகு கடைக்கு வரும் தமிழ் இளைஞர்கள் என்னிடம் எந்தக் கம்பெனித் துப்பாக்கி நல்லது என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியவை வேறு.

முதலில் உங்கள் விசா என்ன?

நம்மவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் மிகப் பெரியது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் தொடங்கினேன். டெக்சஸ் மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், எச்-1பி, எல்-1, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. விலக்குகள் மிகச் சில. சாதாரண ஆளுக்குப் பொருந்தக்கூடியது, ஏதாவதொரு மாநிலத்தில் முறையாகப் பெற்ற வேட்டை உரிமம். அது இல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால் 15 ஆண்டுகள் வரை சிறை. 2022ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பு 10 ஆண்டுகளாக இருந்தது.

விலைக்கு வாங்கி வைத்திருக்கும் துப்பாக்கியை மட்டும் மனத்தில் வைத்து இதைப் படிக்காதீர்கள். வார இறுதியில் நண்பர்களோடு துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்துக்குப் போய், அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்துச் சுட்டு, படம் பிடித்து முகநூலில் போடுகிறார்களே, அதுவும் இதே தடைக்குள்தான் வருகிறது. சாட்சியத்தை நீங்களே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தது போல.

கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம், அணியலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் அவர்களையும் நாடு கடத்த முடியும். கணவருக்குக் கிரீன் கார்டு, பேரனைப் பார்க்க ஊரிலிருந்து வந்த மாமியார் சுற்றுலா விசாவில் என்று இருக்கும் வீட்டில், துப்பாக்கிப் பெட்டியின் எண் எல்லோருக்கும் தெரிந்திருக்கக் கூடாது. சட்டத்தில் ‘வசம் வைத்திருத்தல்’ என்பது கையில் பிடிப்பதோடு நிற்பதில்லை. எடுத்துக் கையாளும் வாய்ப்பும் எண்ணமும் அந்த மாமியாருக்கு இருந்ததாக அரசு வழக்கறிஞர் வாதிட நாம் வழி வைக்கக் கூடாது. பெட்டிக்கு ஒரே சாவி, அது ஒரே ஆளிடம். எங்கள் வீட்டு வழக்கம் அதுதான்.

‘உரிமம் வேண்டாம்’ என்றால் எங்கும் போகலாம் என்றில்லை

நம் ஊரில் துப்பாக்கி என்றால் காவலரிடம் பார்த்திருப்போம், வங்கி வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியின் இரட்டைக் குழலைப் பார்த்திருப்போம். தேர்தல் வந்தால் உரிமம் வைத்திருப்பவர்களிடமும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்து, இங்கே உரிமமே வேண்டாம் என்று கேட்டதும் எல்லாக் கதவும் திறந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள்.

கடை வாசல்களில் இருக்கும் அறிவிப்புகளைப் படிக்கப் பழகுங்கள். 30.07 என்ற எண்ணோடு, ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும், ஓர் அங்குல உயர எழுத்தில் பலகை இருந்தால் உரிமம் உள்ளவரும் வெளிப்படையாக அணிந்து உள்ளே போகக் கூடாது. 30.06 மறைத்து அணிவதைத் தடுப்பது. 30.05 உரிமம் இல்லாமல் அணிபவர்களுக்கானது. பலகையைக் கவனிக்காமல் போய்விட்டால் அபராதம் 200 டாலருக்குள் முடியலாம். கடைக்காரர் வாய்விட்டு ‘வெளியே போங்கள்’ என்ற பிறகும் நின்று வாதாடினால் ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. வாதாடி வென்றவர் எவரையும் நான் பார்த்ததில்லை. தலையசைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சிவப்பில் பெரிதாக 51% என்று எழுதியிருந்தால், அந்த இடத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கப்படும் மதுவிலிருந்து வருகிறது என்று பொருள். அங்கே துப்பாக்கியோடு நுழைவது சிறு குற்றமல்ல, கடுங்குற்றம்.

பலகை இல்லாவிட்டாலும் சில பெரிய கடைகள் வேண்டுகோள் விடுத்திருக்கின்றன. 2019 ஆகஸ்ட் 3 அன்று எல் பாசோ வால்மார்ட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 23 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த மாதமே, வெளிப்படையாகத் துப்பாக்கி அணிந்து வர வேண்டாம் என்று வாடிக்கையாளர்களை அந்த நிறுவனம் கேட்டுக்கொண்டது. அதைக் கட்டளையாக எழுதவில்லை, வேண்டுகோளாகத்தான் எழுதினார்கள். அந்தக் கடைகளுக்குள் இப்போதும் இடுப்பில் தெரியும்படி போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கோயில்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 2017இல் சதர்லாண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு, 2019இல் டெக்சஸ் சட்டத்தைத் தெளிவுபடுத்தினார்கள். நிர்வாகம் தடுத்து அறிவிக்காத வரை, உரிமம் உள்ளவர் வழிபாட்டுத் தலத்துக்குள் துப்பாக்கியோடு போகலாம். இந்தச் சட்டம் நம் கோயில்களுக்கும் பொருந்தும். ஆனாலும், அங்கப்பிரதட்சணமும் அன்னதானமும் நடக்கும் இடத்தில் குழந்தைகள் காலுக்கிடையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். நிர்வாகத்தைக் கேட்காமல் நான் போவதில்லை.

பலருக்குத் தெரியாத இன்னொன்று பள்ளிக்கூடம். பள்ளி எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் பொதுவழியில் துப்பாக்கியோடு நடப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலம் கொடுத்த உரிமம் கையில் இருப்பவருக்கு விலக்கு உண்டு. உரிமம் வாங்காமல், 2021 சட்டத்தை மட்டும் நம்பி அணிபவருக்கு அந்த விலக்கு இல்லை. புறநகரில் பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில்தான் பள்ளி இருக்கும். வீட்டிலிருந்து தெருமுனைக்கு நடந்தாலே அந்த எல்லைக்குள் வந்துவிடலாம். அதனால்தான், தேவையில்லை என்றாலும் உரிமம் வாங்குங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். நான்கு முதல் ஆறு மணி நேர வகுப்பு. பிறகு 3, 7, 15 கெஜ தூரங்களில் 50 தோட்டாக்கள் சுட்டுக் காட்ட வேண்டும். அந்த ஐம்பதில் எத்தனை இலக்கைத் தவறவிடுகிறோம் என்று கண்ணால் பார்ப்பதே ஒரு பாடம்.

உறையும் கையும்

துப்பாக்கிக்கு அறுநூறு டாலர் கொடுத்துவிட்டு உறைக்குப் பதினைந்து டாலர் கொடுப்பவர்கள் நிறைய. சட்டம் உறை வேண்டும் என்கிறது, எப்படிப்பட்ட உறை என்று சொல்வதில்லை. துணி உறை நாளடைவில் தளர்ந்து மடியும். மடிப்பு விசைக்குள் (சுடுவதற்கு விரலால் இழுக்கும் பகுதி) புகுந்துவிட்டால் திரும்பச் செருகும்போதே வெடிக்கலாம். விசையை முழுவதும் மூடும் கெட்டியான உறையாக இருக்க வேண்டும். வெளியே தெரியும்படி அணிவதென்றால் பூட்டும் வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் பிடித்து இழுத்தால் வராமல், நாம் கட்டைவிரலால் அழுத்தினால் மட்டும் வெளிவரும் வகை. மறைத்து அணிபவரிடம் துப்பாக்கி இருப்பதே யாருக்கும் தெரியாது. வெளியே அணிபவரின் முதுகுக்குப் பின்னால் நிற்பவர் அதைப் பறிக்கலாமா என்று யோசிக்க முடியும்.

உறைக்குள் இருக்கும் வரை அது ஓர் உடைமை. கை அதன் மேல் போனால் எதிரில் இருப்பவருக்கு அது மிரட்டல். கச்சையைச் சரி செய்வது, கைப்பிடியில் உள்ளங்கையை ஊன்றி நிற்பது, உட்காரும்போது நகர்த்துவது, இவையெல்லாம் நமக்குத் தெரியாமலே வந்துவிடும் பழக்கங்கள். அச்சமூட்டும் நோக்கத்தோடு பொது இடத்தில் துப்பாக்கியைக் காட்டுவது டெக்சஸில் குற்றம். உங்கள் நோக்கம் என்ன என்று முடிவு செய்யப்போவது அங்கே நின்று பார்த்தவர்களின் சாட்சியம். வீட்டில் ஒரு வாரம், தோட்டா இல்லாத துப்பாக்கியோடு, கைகளை மார்புக்கு மேலே வைத்து நடமாடிப் பழகினேன். மருந்துக்கடைச் சம்பவத்துக்கு முன்பே அதைச் செய்திருக்க வேண்டும்.

கழிப்பறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இடுப்புக்கச்சையைத் தளர்த்தியதும் துப்பாக்கியின் எடை உறையைக் கவிழ்த்துவிடும். உடனே பலர் அதை எடுத்து, கதவிலிருக்கும் கொக்கியில் விசைக்காப்பு வளையத்தை மாட்டித் தொங்கவிடுகிறார்கள். விசைக்கு அருகில் ஓர் இரும்புக் கொக்கி! இல்லையென்றால் காகிதச் சுருள் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, மறந்து போய்விடுகிறார்கள். அடுத்து உள்ளே வருவது ஒரு சிறுவனாக இருக்கலாம். உறையிலிருந்து எடுக்கவே வேண்டாம். கச்சையை மறுபடி பூட்டி, உறையோடு, முழங்கால்களுக்கு நடுவே கால்சட்டைக்குள்ளேயே இருக்கட்டும். எழுந்திருக்கும்போது மறக்க வழியே இல்லை.

காரில் பக்கத்து இருக்கையில் உறையில்லாமல் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பதும் குற்றம். காவலர் நிறுத்தினால் இரண்டு கைகளும் ஸ்டியரிங் மேல் இருக்கட்டும், உள்விளக்கைப் போடுங்கள். பேச்சைத் துப்பாக்கி என்ற சொல்லால் தொடங்க வேண்டாம். உரிமம் இருக்கிறது, ஆயுதம் இடுப்பில் இருக்கிறது, எதை எடுக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, அவர் சொல்லும் வரை விரலையும் அசைக்காதீர்கள்.

பார்க்கிறவர் கண்ணில் நீங்கள் யார்?

2016 ஜூலை 7 அன்று டல்லஸில் ஐந்து காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட இரவை இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டோம். அன்று அங்கே நடந்த எதிர்ப்பு ஊர்வலத்தில் ஒரு கறுப்பினத்தவர் சட்டப்படியே நீளத் துப்பாக்கியோடு நடந்து வந்திருந்தார். சூடு தொடங்கியதும் அவரே அதைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டார். அப்படியிருந்தும், சந்தேக நபர் என்று அவருடைய படத்தைக் காவல்துறை ஊரெல்லாம் பரப்பியது. அப்போதைய காவல்துறைத் தலைவர் டேவிட் பிரவுன், கூட்டத்தில் பலர் துப்பாக்கி ஏந்தி நிற்கும்போது சுடுகிறவர் யாரென்று பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்று பிறகு வெளிப்படையாகவே சொன்னார். 2014இல் ஒஹாயோவின் பீவர்கிரீக்கில், கடையின் அலமாரியிலிருந்தே எடுத்த காற்றுத் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு போனில் பேசியபடி நடந்த 22 வயதுக் கறுப்பின இளைஞரைக் காவலர் சுட்டுக் கொன்றார். ஒஹாயோவும் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்த அனுமதிக்கும் மாநிலம்தான். நம் தோல் நிறத்தோடு, தாடியோடு, நம் உச்சரிப்போடு இதே கச்சையை அணியும்போது, சட்டப் புத்தகம் எல்லோருக்கும் ஒன்று என்ற நம்பிக்கையில் மட்டும் வெளியே போகக் கூடாது. நான் மறைத்து அணிய மாறியதற்கு இதுவே பெரிய காரணம்.

அணியாதவர்கள் செய்யும் தவறும் ஒன்று உண்டு. துப்பாக்கியைப் பார்த்ததும் அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்து ‘ஓர் ஆள் துப்பாக்கியோடு நிற்கிறான்’ என்று மட்டும் சொல்வது. 2015 அக்டோபர் 31 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒரு பெண் நீளத் துப்பாக்கியோடு ஒருவரைப் பார்த்து அழைத்தார். இங்கே வெளிப்படையாக ஏந்துவது சட்டப்படி சரிதான் என்று மறுமுனையில் விளக்கம் கிடைத்தது. சற்று நேரத்தில் அந்த ஆள் மூன்று பேரைக் கொன்றுவிட்டார். எனவே கண்டதைச் சொல்லுங்கள்: உறையிலா, கையிலா? குழல் எந்தப் பக்கம்? கத்துகிறாரா, பூட்டிய கதவை உடைக்கிறாரா? காணாததைச் சேர்க்காதீர்கள். பீவர்கிரீக்கில் அந்த இளைஞரைப் பார்த்து 911ஐ அழைத்தவர் சொன்னதும் கடைக் காணொளியில் தெரிந்ததும் ஒத்துப்போகவில்லை.

மாநில எல்லை தாண்டுகிறவர்களுக்குச் சுருக்கமாக: டெக்சஸ் வழக்கத்தோடு இல்லினாய்க்கோ நியூயார்க்குக்கோ போனால் கைதுதான், அங்கே வெளிப்படையாக அணிய இடமில்லை. வழியில் கடந்து போவதென்றால் தோட்டாவை எடுத்துவிட்டு, பெட்டியில் பூட்டி, டிக்கியில் வையுங்கள். விமான நிலையத்துக்குக் கிளம்புமுன் பைகளைக் கொட்டிப் பாருங்கள். 2023இல் மட்டும் நாடு முழுவதும் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் சிக்கின, பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை.

யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போனால் முதல் நாளே போன் செய்து கேட்டுவிடுகிறேன். ‘அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, வீட்டுக்குள்ள வேண்டாமே’ என்று சென்ற பொங்கலுக்கு ஒரு தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் அவ்வளவு தயங்கும்படி நான் வைத்திருந்ததே எனக்கு உறுத்தியது. கடையிலேயே பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போனேன். அவர் மகள் கரும்புத் துண்டோடு ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கும் நான்கு வயதுதான்.