குழந்தைகளோடு காரில் ரோட்டோருவா, டௌபோ: எரிமலை ஏரிப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் ஆக்லாந்திலிருந்து கிளம்பி நான்கு நாள், மூன்று இரவு சுற்றி வந்தோம். நானும் மனைவியும், அம்மா, எட்டு வயது மகன், ஐந்து வயது மகள். முதல் முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: இரண்டே ஊரில் தங்குங்கள்

ரோட்டோருவாவில் இரண்டு இரவு, டௌபோவில் ஒன்று. தினம் ஒரு ஊர் என்று பெட்டி கட்டினால் குழந்தைகள் சோர்ந்துவிடுவார்கள். ஆக்லாந்திலிருந்து ரோட்டோருவா சுமார் 230 கி.மீ. மூன்று மணி நேரம் என்று மேப் சொல்லும். குழந்தைகள் இருந்தால் நாலரை வைத்துக்கொள்ளுங்கள். கார் பதிவு செய்யும்போதே குழந்தை இருக்கை கேட்டுவிடுங்கள், ஏழு வயது நிறையும்வரை சட்டப்படி கட்டாயம். மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள்.

படி 2: 10:15ஐ முதலில் குறியுங்கள்

ரோட்டோருவாவுக்குத் தெற்கே அரை மணி நேரத்தில் வை-ஓ-டாப்பு என்ற எரிமலை வெப்பப் பூங்கா. அங்கே லேடி நாக்ஸ் என்ற வெந்நீர் ஊற்று தினமும் காலை 10:15க்குப் பீறிடும். நாங்கள் பத்து மணி தாண்டி நுழைவாயிலுக்குப் போனோம். டிக்கெட் வரிசையில் நின்று வாங்கிய பிறகுதான் தெரிந்தது, ஊற்று பூங்காவுக்குள் இல்லை; மறுபடி காரில் ஏறிப் போக வேண்டும். காரை நிறுத்தி ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. "அடுத்தது எப்போப்பா?" என்றான் மகன். "நாளைக்குத்தான்" என்றதும் அவன் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் ஒன்பது மணிக்கே ரோட்டோருவாவை விட்டுக் கிளம்புங்கள். முதலில் டிக்கெட், பிறகு நேரே ஊற்று, அதன் பிறகே பூங்கா. இன்னொன்று: வை-ஓ-டாப்பு டௌபோ போகும் வழியில்தான் இருக்கிறது, அதனால் ஊர் மாறும் நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். இரண்டாம் நாளே போங்கள். தவறினால் மூன்றாம் நாள் கையில் இருக்கும். எங்களை அதுதான் காப்பாற்றியது.

தினமும் அதே நேரத்துக்கு எப்படிப் பீறிடுகிறது? ஊழியர் ஊற்றின் வாயில் சோப்புப் பொருளைப் போடுகிறார். பூமிக்குள் மேலே ஆறிய தண்ணீரும் கீழே கொதிநீரும் தனித்தனி அடுக்காக நிற்கின்றன. சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் இரண்டும் கலந்து பீறிடுகின்றன. 1900களின் தொடக்கத்தில் அங்கே துணி துவைத்த கைதிகள்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். முதலில் வெள்ளை நுரை பால் பொங்குவது போல வழியும். அப்போதே கேமராவை எடுத்துவிடுங்கள்.

பூங்காவில் ஷாம்பெயின் குளத்தை விடாதீர்கள். குமிழிகள் கரியமில வாயு. ஆனால் மேற்பரப்பே 74 டிகிரி செல்சியஸ். ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் சேர்ந்த கந்தகப் படிவால் விளிம்பு முழுக்க ஆரஞ்சு நிறம். மகளின் மணிக்கட்டை நான் விடவே இல்லை.

படி 3: நீல ஏரி, பச்சை ஏரி

மதியம் டிகிடாபு என்ற நீல ஏரியில் குளிக்கலாம். பக்கத்தில் ரோட்டோகாகாஹி என்ற பச்சை ஏரி நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்குப் புனிதமானது. அதில் இறங்கக் கூடாது, மேலிருந்து பார்த்துவிட்டு வரவேண்டும். அதே சாலையில் டாரவேரா ஏரி. 1886 ஜூன் 10 அன்று டாரவேரா எரிமலை வெடித்துச் சுமார் 120 பேர் இறந்தார்கள். அப்போது புதைந்த டே வைரோவா கிராமத்தையும் பார்க்கலாம்.

படி 4: டௌபோ

616 சதுர கி.மீ. ஏரி. கடல் போலத் தெரியும் இது பெரும்பாலும் எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளம். கடைசிப் பெருவெடிப்பு நடந்து சுமார் 1,800 ஆண்டுகள் ஆகின்றன. கரையில் நுரைக்கல் (துளைகள் நிறைந்த, லேசான எரிமலைக் கல்) கிடக்கும். மகள் ஒன்றை எறிந்துவிட்டு "அப்பா, கல்லு மிதக்குது!" என்று கத்தினாள். ஹுகா அருவிக்குக் கட்டணம் இல்லை. வினாடிக்குச் சுமார் 2,20,000 லிட்டர் தண்ணீர் ஒரு குறுகிய பாறை இடுக்கில் பாய்கிறது.

ஸ்பா பார்க்கில் வெந்நீர் ஓடை ஒன்று வைகாட்டோ ஆற்றில் கலக்கிறது. குளிக்கலாம், ஆனால் தலை நனையக் கூடாது. இயற்கை வெந்நீரில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும். அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். ஆற்றைக் கண்டால் மூன்று முழுக்குப் போடுவது அம்மாவின் வழக்கம். மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தேவிட்டார். "அம்மா, வேண்டாம், கழுத்து வரைக்கும் போதும்" என்று தோளைப் பிடித்து நிறுத்தினேன். வீட்டுப் பெரியவர்களுக்குக் கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள்.

பின்சேர்க்கை: கொலுசு கறுத்துப்போனதாக இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். என் மகளுடையதும் கறுத்தது. ரோட்டோருவா காற்றில் அழுகிய முட்டை போல மணக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியைக் கறுக்க வைக்கும். ஊருக்குள் நுழையும் முன்பே கழற்றி, காற்றுப் புகாத பையில் போட்டு மூடிவிடுங்கள்.