ரிலே சிமுலேஷன்: வரைபடத்தை நம்புவதற்கு முன்

வயர்லெஸ்ஸில் எம்.இ. பிராஜெக்ட் செய்ய என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஐந்து ரிலே, எனர்ஜி ஹார்வெஸ்டிங், மெஷின் லேர்னிங் எல்லாம் கலந்த தலைப்போடுதான் வருவார்கள். சரி, செய்யலாம். ஆனால் முதலில் மூன்றே முனைகள்: அனுப்புவது, ரிலே (நடுவில் நின்று சிக்னலைக் கேட்டு மறுபடி அனுப்புவது), பெறுவது. 1971-இல் வான் டெர் மியூலன் எழுப்பிய கணக்கு இது. 1979-இல் கவரும் எல் கமாலும் சில வகைகளுக்கு விடை கண்டார்கள். பொதுவான கொள்ளளவு, அதாவது பிழையின்றி அனுப்பக்கூடிய உச்ச வேகம், இன்னும் பிடிபடவில்லை.

சிமுலேஷன் எழுத மேட்லாப் இல்லையென்றால் இலவச மென்பொருளான ஆக்டேவ் போதும். ரிலேயைத் தொடாமல் நேரடி இணைப்பை மட்டும் ஓட்டி, எஸ்.என்.ஆர். (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) ஏற ஏற அவுட்டேஜ் (இணைப்பு அறும் வாய்ப்பு) எப்படி இறங்குகிறது என்று கோடு வரையுங்கள். ராலே ஃபேடிங்குக்கு (சிக்னலின் பலம் தற்செயலாக ஏறி இறங்குவதற்கான மாதிரி) இரண்டு காஸியன் ரேண்டம் எண்களை மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதியாக வைத்து, வர்க்கமூலம் 2-ஆல் வகுக்க வேண்டும். மறந்தால் சேனலின் சராசரி ஆற்றல் 1-க்குப் பதில் 2 ஆகும். கோடு 3 டெசிபெல் இடப்பக்கம் நகரும். வடிவம் மாறாததால் கண்ணில் படாது. வேகம் ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 1 பிட், எஸ்.என்.ஆர். 20 டெசிபெல் என்றால் அவுட்டேஜ் 0.00995-ஐ ஒட்டி வர வேண்டும். வராமல் அடுத்த வரி எழுதாதீர்கள்.

அப்புறம் ரிலே. கேட்டதை அப்படியே பெருக்கி அனுப்பும் முறையில் தொடங்குங்கள். இரண்டு தாவல்களின் (அனுப்புவதிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து பெறுவது) எஸ்.என்.ஆர்.களைப் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையோடு 1 சேர்த்து வகுத்தால் ரிலே வழியின் எஸ்.என்.ஆர். கிடைக்கும். அதோடு நேரடி வழியின் எஸ்.என்.ஆரைக் கூட்டுங்கள்.

பெரும்பாலானோர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். சாதாரண ரிலேயால் ஒரே அலைவரிசையில் கேட்டுக்கொண்டே பேச முடியாது. ஒரே தகவலுக்கு இரண்டு நேரத்துண்டுகள் செலவாகின்றன. எனவே அதே 1 பிட் வேகத்துக்கு எஸ்.என்.ஆர். வாசல் (இதற்குக் கீழே போனால் இணைப்பு அறும்; டெசிபெலில் அல்ல, நேர் விகிதமாக) 1 அல்ல, 3. மூன்று இணைப்புகளும் சம பலம் என்றால், 10 டெசிபெலுக்குச் சற்றுக் கீழே நேரடிக் கோடும் ரிலே கோடும் வெட்டிக்கொள்ளும். அதற்கும் கீழே ரிலே வைத்தால் நஷ்டம்தான். ரிலே எல்லா இடத்திலும் ஜெயிப்பதாக வரைபடம் காட்டினால், நான் முதலில் தேடுவது அந்த 3-ஐத்தான்.

மாதிரி எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். 30 டெசிபெலில் நேரடி இணைப்பு ஆயிரத்தில் ஒரு முறை அறும். ரிலேயோடு சேர்ந்தால் 1 கோடியில் சுமார் 90 முறை. 1 லட்சம் ஓட்டினால் ஒன்று கிடைக்கும், அல்லது ஒன்றும் கிடைக்காது. கோடு பல்லிளிக்கும். ஒரே மூச்சில் 1 கோடி கேட்டால் லேப்டாப் திணறும். பத்துப் பத்து லட்சமாகப் பிரித்து, அறுந்த எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

டிகோட் செய்து (தகவலை முழுதாகப் படித்து) அனுப்பும் ரிலேக்கு மாறியதும் கோட்டின் சரிவு நேரடி இணைப்பைப் போலவே இருந்தால் பதற வேண்டாம், அது பிழையல்ல. ரிலே கட்டாயம் டிகோட் செய்தாக வேண்டும் என்று வைத்தால் முதல் தாவல் அறும்போதெல்லாம் எல்லாமே அறும். 2004-இல் லேன்மன், சே, வோர்னெல் மூவரும் காட்டிய வழி: ரிலேயால் டிகோட் செய்ய முடியாதபோது அனுப்பியவரே மறுபடி அனுப்பட்டும். அந்த ஒரு நிபந்தனையைச் சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு 10 டெசிபெலுக்கும் அவுட்டேஜ் 100 மடங்கு இறங்கும்.