ராணுவச் சீர்திருத்தத்தில் ஆளை மறக்கும் தவறுகள்: 1940 பிரான்ஸின் பாடம்

ராணுவத்தை நவீனப்படுத்துவது என்றாலே எத்தனை டாங்கி, எத்தனை விமானம் என்று எண்ணிப் பார்ப்பதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. அந்தக் கணக்கு ஒன்றே போதுமென்றால், 1940 மே 10 அன்று ஜெர்மனி தொடுத்த தாக்குதலில் பிரான்ஸ் ஆறு வாரங்களில் வீழ்ந்திருக்க நியாயமே இல்லை. டாங்கிகளின் எண்ணிக்கையில் பிரான்ஸ் சளைத்ததாக இல்லை. அதன் ஷார் பி1 டாங்கியின் கவசத் தடிமனுக்கு ஈடானது அன்றைய ஜெர்மானியப் படையிடம் கிடையாது.

ஆனால் அந்த ஷார் பி1-இன் மேலே பீரங்கியோடு சுழலும் கோபுரத்தில் ஓர் ஆளுக்குத்தான் இடம். வெளியே நடப்பதைக் கவனிப்பது, மற்ற வீரர்களுக்கு உத்தரவிடுவது, குண்டு நிரப்புவது, குறிபார்ப்பது, சுடுவது என்று எல்லாமே டாங்கியின் தலைவர் ஒருவர் மேலேயே விழுந்தன. ஜெர்மனியின் பான்சர் 3-இல் இதே வேலையை மூவர் பகிர்ந்துகொண்டதால், தலைவருக்கு யோசிக்க அவகாசம் கிடைத்தது. கருவியை வரைபடத்தில் தீட்டும்போதே அதற்குள் உட்காரப்போகிறவரை மறந்தால், பிறகு எந்தப் பயிற்சியாலும் அதை ஈடுகட்ட முடியாது.

இதைவிடப் பெரிய தவறு, முடிவெடுக்கும் உரிமையை மேலிடத்திலேயே பூட்டிவைப்பது. மே 13 அன்று பிரான்ஸின் செடான் நகரருகே ஜெர்மானியக் காலாட்படை ரப்பர் படகுகளில் மியூஸ் ஆற்றைக் கடந்தது. அப்போது அதன் டாங்கிகள் இன்னும் அக்கரையில்தான் நின்றன. திருப்பித் தாக்க வேண்டிய பிரெஞ்சுப் படைப்பிரிவோ மேலிட உத்தரவை எதிர்பார்த்து இரவைக் கழித்துவிட்டு மறுநாள் காலையில்தான் நகர்ந்தது. அதற்குள் பாலம் போடப்பட்டு டாங்கிகளும் இக்கரை வந்திருந்தன. இதைக் கோழைத்தனம் என்பது அநியாயம். முதல் உலகப் போரில் சுமார் 14 லட்சம் வீரர்களைப் பறிகொடுத்த ராணுவம், ஒவ்வோர் அடியையும் திட்டமிட்டே வைக்கத் தன் அதிகாரிகளைப் பழக்கியிருந்தது. அவர்கள் கற்றதைத்தான் செய்தார்கள்.

கீழிருப்பவர்களின் வாயை அடைப்பதும் இதோடு சேர்ந்ததே. போர்முறை பற்றி அதிகாரிகள் எதை எழுதினாலும் முன் அனுமதி வேண்டும் என்று 1935-இல் பிரெஞ்சுத் தளபதி கமெலின் விதித்தபின், மாற்றுக் கருத்துகள் அச்சேறுவது அரிதாயிற்று. அதற்கு முன்பே, முதல் உலகப் போருக்குப் பின் வந்த வெர்சாய் உடன்படிக்கையால் ஒரு லட்சம் வீரர்களுக்கும் 4,000 அதிகாரிகளுக்கும் மேல் வைத்துக்கொள்ள முடியாத ஜெர்மனியில், ஒவ்வொருவரையும் தமக்கு மேலுள்ள பதவியின் வேலைக்கும் தயார்செய்ய சீக்ட் என்ற தளபதி ஏற்பாடு செய்திருந்தார்.

வெற்றி கிடைத்தபின் சுயபரிசோதனையை நிறுத்துவதும் ஒரு தவறுதான். 1939-இல் போலந்தை வென்ற ஜெர்மானியத் தலைமை, தன் படைகளின் குறைகளைப் பட்டியலிட்டு, குளிர்காலம் முழுக்க மறுபயிற்சி அளித்தது. அதே மாதங்களில், செடானைக் காக்க நிறுத்தப்பட்டிருந்த பிரான்ஸின் 55-ஆவது டிவிஷனில், பெரும்பாலும் வயது கூடிய ரிசர்வ் வீரர்கள், பயிற்சிக்கு நேரமின்றிக் காங்கிரீட் காப்பரண்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.