இரண்டு பிராந்திய அமைப்புகள், ஒரே திட்டம்: ஆசியாவில் கூட்டுப் பணியைக் கட்டும் முறை

ஆசியாவில் பிராந்திய அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. தென்கிழக்கில் ஆசியான், தெற்கில் சார்க், வங்காள விரிகுடாவைச் சுற்றி பிம்ஸ்டெக், துருக்கி முதல் கசகஸ்தான் வரை பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு, அதோடு ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பு, யூரேசியப் பொருளாதார ஒன்றியம். எல்லாருக்கும் பொதுவான மேடையாக பாங்காக்கில் ஐ.நா.வின் ஆசிய-பசிபிக் பொருளாதார, சமூக ஆணையம், அதாவது எஸ்காப். இவற்றில் எந்த இரண்டு செயலகங்களும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது எளிது. அந்தத் தாளை நம்பி ஒரு யூனிட் மின்சாரமோ ஒரு லாரியோ எல்லையைத் தாண்டுவதுதான் கடினம். இந்தக் கடினமான வேலைக்கான வழிகாட்டி இது. அமைச்சகத்திலோ செயலகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ இருந்துகொண்டு கூட்டுத் திட்டத்துக்கு வரைவு எழுத உட்காருகிறவர்களுக்காக எழுதப்பட்டது.

எல்லை தாண்டுவது எது?

வரைவின் முதல் பத்தியில் நீடித்த வளர்ச்சி இலக்குகளின் எண்களை அடுக்காதீர்கள். 17 இலக்குகள், அவற்றின் கீழ் 169 உள் இலக்குகள். எந்தத் திட்டத்தையும் அவற்றில் ஏதோ ஒன்றோடு பொருத்திவிட முடியும் என்பதால், அந்தப் பொருத்தம் படிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக ஒரு வரி எழுதுங்கள்: எந்தப் பொருள், எங்கிருந்து எங்கே, எந்த மாதங்களில், எவ்வளவு தாண்டுகிறது. பொருள் மின்சாரமாக இருக்கலாம். ஆற்று நீர், காட்டுத்தீப் புகை, சரக்குப் பெட்டி, வெள்ள முன்னறிவிப்புத் தரவு எதுவாகவும் இருக்கலாம். அந்த வரி வரவில்லையென்றால் உங்கள் கையில் இருப்பது பிராந்தியத் திட்டம் அல்ல. பல நாடுகளின் தனித்தனித் திட்டங்களை ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்திருக்கிறீர்கள். அதற்கு ஒரு பயிற்சிப் பட்டறை போதும், ஒப்பந்தம் தேவையில்லை.

வரி கிடைத்ததும் அது தொடும் நாடுகளை மட்டும் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எந்தெந்த அமைப்பில் உறுப்பினர் என்று குறியுங்கள். பங்களாதேஷ், பூடான், இந்தியா, நேபாளம், இலங்கை ஐந்தும் சார்க்கிலும் பிம்ஸ்டெக்கிலும் இருக்கின்றன. தாய்லாந்தும் மியான்மரும் பிம்ஸ்டெக்கிலும் ஆசியானிலும் இருக்கின்றன. பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் சார்க்கிலும் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பிலும் இருக்கின்றன. இரண்டு பட்டியலிலும் வரும் நாடுதான் உங்கள் பாலம். ஆனால் ஒரு நாட்டிலிருந்து ஓர் அமைப்புக்கு வெளியுறவு அமைச்சகமும் மற்றொன்றுக்கு வணிக அமைச்சகமும் போகலாம். ஒரே தலைநகரில் இரண்டு கோப்புகள், ஒன்றுக்கு மற்றொன்று தெரியாமல் நகரும். பால நாட்டில் அந்த இரண்டு அதிகாரிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்த பிறகே மற்ற நாடுகளுக்குக் கடிதம் எழுதுங்கள்.

சாசனத்தைப் படித்துக் கதவைத் தேர்ந்தெடுங்கள்

செயலகம் ஒன்று ஒப்புக்கொண்டால் உறுப்பு நாடுகள் கட்டுப்பட்டுவிடும் என்று நினைத்துத் திட்டம் போடுவதுதான் நடக்கும் தவறுகளில் பெரியது. ஆசியாவின் பெரும்பாலான செயலகங்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது.

சார்க்கில் முடிவுகள் எல்லா மட்டத்திலும் ஏகமனதாக இருக்க வேண்டும். இருதரப்புச் சச்சரவுகளைப் பேசவே கூடாது. 2014 நவம்பரில் காத்மாண்டுவில் நடந்த 18-ஆவது உச்சிமாநாட்டுக்குப் பிறகு இன்னொன்று கூடவில்லை. உச்சிமாநாட்டுப் பிரகடனத்தை நம்பி எழுதும் வரைவு அங்கேயே கிடக்கும். ஆனால் சார்க் சாசனத்தின் 7-ஆவது பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டுக்கு மேற்பட்ட, ஆனால் எல்லா நாடுகளும் அல்லாத சில நாடுகளின் திட்டத்துக்குச் செயற்குழு அமைக்க அது இடம் தருகிறது. சில நாடுகள் மட்டும் சேர்ந்து நடப்பது சாசனத்துக்கு விரோதம் என்று யாராவது சொன்னால் அந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

2014-இல் கையெழுத்தாக வேண்டியிருந்த சார்க் மோட்டார் வாகன ஒப்பந்தம் நின்றுபோனபோது, பங்களாதேஷ், பூடான், இந்தியா, நேபாளம் நான்கும் தனியே பேசி 2015 ஜூன் 15 அன்று திம்புவில் கையெழுத்திட்டன. காத்மாண்டு உச்சிமாநாட்டுக்குப் பிறகு ஏழு மாதத்துக்குள் முடிந்த வேலை அது. பிறகு பூடானின் மேலவை ஒப்புதல் தர மறுத்தது. மற்ற மூன்று நாடுகளும் தொடர பூடானிடம் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. எனவே உங்கள் வரைவின் இறுதிப் பிரிவில், 'ஒப்புதல் அளித்த நாடுகளுக்கிடையே இது நடைமுறைக்கு வரும். மற்றவை பின்னர் சேரலாம்' என்ற வாக்கியம் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

ஆசியான் சாசனத்தின் 20-ஆவது பிரிவு கலந்தாலோசனை, கருத்தொற்றுமை என்கிறது. 21-ஆவது பிரிவு, பொருளாதாரக் கடப்பாடுகளை நிறைவேற்றும்போது சில நாடுகள் பின்னால் வர அனுமதிக்கிறது. ஆனால் அப்படி அனுமதிப்பதற்கும் கருத்தொற்றுமை வேண்டும். லாவோஸிலிருந்து தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்கு 2022 ஜூனில் தொடங்கிய 100 மெகாவாட் வரையிலான மின் வணிகம் இந்த மண்ணில் விளைந்ததுதான். அது ஆசியான் மின்தொகுப்பின் பெயரைத் தாங்கியது. செய்தது நான்கு நாடுகள்.

பிம்ஸ்டெக் 1997-இல் தொடங்கினாலும் அதன் சாசனம் நடைமுறைக்கு வந்தது 2024 மே 20 அன்றுதான். அந்தச் சாசனம் அதற்குச் சட்ட ஆளுமை (தன் பெயரிலேயே ஒப்பந்தம் செய்யும் தகுதி) கொடுத்திருப்பதால், மற்ற அமைப்புகளோடு முறையாகப் பேச இப்போது வழி இருக்கிறது. இங்கே துறைக்கு ஒரு நாடு தலைமை ஏற்கிறது: போக்குவரத்து இணைப்பு தாய்லாந்துக்கு, சுற்றுச்சூழலும் காலநிலையும் பூடானுக்கு, வேளாண்மை மியான்மருக்கு, எரிசக்தியை உள்ளடக்கிய பாதுகாப்புத் துறை இந்தியாவுக்கு. டாக்காவிலுள்ள செயலகத்துக்கு எழுதும்போதே தலைமை நாட்டின் துறை அமைச்சகத்துக்கும் நகல் அனுப்புங்கள். நகல் இல்லையென்றால் ஒரு சுற்று வீணாகும்.

அதிகம் பயன்படாமல் கிடக்கும் கதவு எஸ்காப்பில் இருக்கிறது. ஆசிய நெடுஞ்சாலை உடன்பாடு 2005-இலும், ஆசியக் குறுக்கு ரயில்பாதை உடன்பாடு 2009-இலும், உலர் துறைமுக (உள்நாட்டுச் சரக்கு முனைய) உடன்பாடு 2016-இலும், எல்லை தாண்டிய தாளில்லா வணிக உடன்பாடு 2021-இலும் நடைமுறைக்கு வந்தன. இரண்டு அமைப்புகளின் உறுப்பினர் பட்டியல் பொருந்தாதபோது புதிய சட்ட வாசகம் எழுதி வருடங்களைக் கரைக்காதீர்கள். இரண்டு அமைப்புகளின் நாடுகளும் இந்த உடன்பாடுகளில் ஒன்றில் சேர்ந்தால் அதே அடித்தளம் கிடைத்துவிடும்.

ஒன்றாக்காதீர்கள், ஒட்டும் இடத்தை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்

ஆசிய ரயில் பாதைகளில் அகலம் முக்கியமாக நான்கு விதம்: இந்தியா, பாகிஸ்தான், இலங்கையில் 1,676 மில்லிமீட்டர்; முன்னாள் சோவியத் நாடுகளில் 1,520; சீனா, ஈரான், துருக்கியில் 1,435; தென்கிழக்கு ஆசியாவின் பெரும்பகுதியில் 1,000. குறுக்கு ரயில்பாதை உடன்பாடு எல்லாரும் ஒரே அகலத்துக்கு மாறச் சொல்லவில்லை. எந்த நிலையங்களில் சரக்கு பாதை மாற வேண்டும் என்று பட்டியலிட்டது. மின்சாரத்திலும் இதே வழிதான். இந்திய, பங்களாதேஷ் மின்தொகுப்புகள் ஒத்திசைவில் ஓடுவதில்லை. பங்களாதேஷின் பேராமாராவிலுள்ள உயர் அழுத்த நேர்மின் நிலையம் நடுவில் நின்று இரண்டையும் கோக்கிறது. 'விதிகளை ஒருங்கிணைத்தல்' என்று வரைவில் எழுதத் தோன்றும்போதெல்லாம், எந்தப் புள்ளியில் ஒத்துப்போனால் போதும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு நிலையம், ஒரு படிவம், ஒரு மீட்டர் போதும்.

பணம், இழப்பு, மீட்டர்

நேபாளத்திலிருந்து இந்தியா வழியாகப் பங்களாதேஷுக்குப் போகும் 40 மெகாவாட் நீர்மின்சாரத்தைக் கிட்டப் பார்ப்போம். 2024 அக்டோபர் 3 அன்று நேபாள மின்சார ஆணையம், இந்தியாவின் என்.டி.பி.சி. வித்யுத் வியாபார் நிகம், பங்களாதேஷ் மின் மேம்பாட்டு வாரியம் மூன்றும் கையெழுத்திட்டன. நேபாள ஆறுகளில் தண்ணீர் பெருகும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை மட்டும் விற்பனை. விலை யூனிட்டுக்கு 6.4 அமெரிக்க சென்ட். அளவெடுக்கும் இடம் இந்தியாவிலுள்ள முசாபர்பூர். நேபாளத்தின் தல்கேபாரிலிருந்து முசாபர்பூர் வரை கம்பியில் ஏற்படும் இழப்பு நேபாளத்தின் தலையில். அதற்கு அப்பால் இந்தியத் தடத்தின் கட்டணம் வாங்குபவரின் தலையில்.

மீட்டர் இருக்கும் இடம் ஏன் முக்கியம்? முழு அளவில் ஓடினால் ஒரு நாளைக்கு 9,60,000 யூனிட், அதாவது 61,440 டாலர். கம்பியில் ஒரு சதவீதம் இழந்தால் 9,600 யூனிட், நாளைக்கு 614 டாலர். ஐந்து மாதத்துக்கு அது 90,000 டாலரைத் தாண்டும். மீட்டரை எல்லையின் எந்தப் பக்கம் வைப்பது என்ற ஒரே வரி இந்தத் தொகை யாருடையது என்று தீர்மானிக்கிறது. அதை 'தொழில்நுட்பக் குழு பின்னர் முடிவு செய்யும்' என்று விட்டால், அமைச்சர்கள் கைகுலுக்கிய பிறகு பேச்சுவார்த்தை அதே இடத்தில் மறுபடி தொடங்கும்.

2014-இல் சார்க் மின்சார ஒத்துழைப்புக் கட்டமைப்பு உடன்பாடும், 2018-இல் பிம்ஸ்டெக் மின்தொகுப்பு இணைப்புப் புரிந்துணர்வும் கையெழுத்தாகியிருந்தன. ஆனால் மூன்றாம் நாட்டுக்கு மின்சாரம் கடந்து போக நடைமுறையில் வழி திறந்தது, 2018-இல் இந்தியா தன் எல்லை தாண்டிய மின் வணிக விதிகளைத் திருத்தியபோதுதான். பிராந்திய உடன்பாடு மண்ணைப் பதப்படுத்துகிறது. நடுவில் இருக்கும் நாட்டின் உள்நாட்டு விதிதான் மதகு. எனவே திட்டத்தின் முதல் மாதத்திலேயே கடவு நாட்டின் விதிப் புத்தகத்தை எடுத்து, எந்த வாக்கியம் தடுக்கிறது, அதைத் திருத்த அதிகாரம் யாருக்கு என்று குறித்து வைத்துவிடுங்கள்.

அளவுகோல் இரண்டானால்

ஒரே காட்டுத்தீப் புகை, சிங்கப்பூரையும் மலேசியாவையும் பிரிக்கும் ஜொகூர் நீரிணையின் இரு கரைகளிலும் வருடக்கணக்கில் வேறு வேறு எண்களாகத் தெரிந்தது. சிங்கப்பூர் தன் காற்றுத் தரக் குறியீட்டில் 2.5 மைக்ரான் நுண்துகளை 2014-இல் சேர்த்தது. மலேசியா 2018-இல் சேர்த்தது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்பியது இயல்பே. கூட்டுத் திட்டத்தில் குறியீட்டெண்ணை ஒருபோதும் அடிப்படையாக வைக்காதீர்கள். கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற நேரடி அளவையும், எத்தனை மணி நேரச் சராசரி என்பதையும், கருவி எங்கே நிற்கிறது என்பதையும் பின்னிணைப்பில் எழுதுங்கள். ஒப்பீட்டுக்கான தொடக்க ஆண்டும் எல்லா நாட்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதே புகை இன்னொரு பாடமும் சொல்கிறது. ஆசியான் எல்லை தாண்டிய புகை மாசு உடன்பாடு 2002-இல் கையெழுத்தாகி 2003-இல் நடைமுறைக்கு வந்தது. பெரும் காட்டுத்தீக்களின் களமான இந்தோனேசியா ஒப்புதல் அளித்ததோ 2014-இல். நடைமுறைக்கு வரத் தேவையான எண்ணிக்கை முன்பே நிறைந்துவிட்டது. தேவையான நாடு மட்டும் உள்ளே இல்லை. எந்த ஒரு கையெழுத்து இல்லாவிட்டால் பொருளின் ஓட்டமே மாறாதோ, அந்த நாட்டின் தேவையைச் சுற்றியே வரைவை எழுதுங்கள்: தீயணைக்கும் கருவி, காய்ந்தால் எரியும் கரிமண் நிலத்தை நனைத்து வைக்கும் செலவு, எதுவானாலும்.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

நேபாள மின்சாரம் முதல் முறை ஓடியது 2024 நவம்பர் 15 அன்று, ஒரே ஒரு நாள். கையெழுத்து அக்டோபரில்தான் ஆனது, மின்சாரம் ஓடத் தொடங்கியதோ பருவத்தின் கடைசி நாளில்; அடுத்த ஓட்டத்துக்கு 2025 ஜூன் வரை காத்திருந்தார்கள். மழை, அறுவடை, புகை, ஆற்று நீர் மட்டம் எல்லாவற்றுக்கும் பருவம் உண்டு. பருவம் தொடங்கும் நாளை முதலில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மேகாங் ஆற்றின் முதன்மைப் போக்கில் அணை போன்ற ஒன்று வந்தால், 1995 உடன்பாட்டின் கீழ் மேகாங் நதி ஆணையத்தில் முன்கலந்தாலோசனைக்கு மட்டும் ஆறு மாதம். அதை நீட்டிக்கவும் முடியும். ஆசியான் உச்சிமாநாடு ஆண்டுக்கு இரு முறைதான். அதற்கு முன் மூத்த அதிகாரிகள், பிறகு அமைச்சர்கள் என்று படிகள் உண்டு. ஒரு படியைத் தவறவிட்டால் அரை வருடம் போகும்.

ஒப்புதல் எண்ணிக்கையையும் யோசித்து வையுங்கள். தாளில்லா வணிக உடன்பாட்டுக்கு ஐந்து நாடுகளின் ஒப்புதலே போதுமாக இருந்தது. அப்படியும் 2016-இலிருந்து 2021 வரை ஆனது. பத்து என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பின்னிணைப்புகள். அவற்றில் இருக்க வேண்டியவை: ஒவ்வொரு நாட்டின் கட்டுப்பாட்டு அறை அல்லது சுங்கச் சாவடியில் அன்றாடம் பேச வேண்டியவரின் பதவி, தொலைபேசி எண், மாற்று ஆள், எந்த மொழி, கோளாறு ஏற்பட்டால் எத்தனை நிமிடத்துக்குள் தெரிவிக்க வேண்டும், மீட்டரை யார் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது, இரண்டு மீட்டர்களின் கணக்கு எத்தனை சதவீதம் வேறுபட்டால் எது செல்லும். ஆள் பெயர் வேண்டாம், பதவியைப் போடுங்கள். அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கையெழுத்துக்கு முந்தைய வாரம் அந்த எண்களை ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.