இரும்புக் கர்டரில் ஃபைபர் கிரேட்டிங் சென்சார் ஒட்டும் முறை

பாலக் கர்டரோ கிரேன் கர்டரோ, சுமையேறும்போது எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று அளக்க ஃபைபர் பிராக் கிரேட்டிங் மிக நல்ல வழி. இது கண்ணாடி இழைக்குள் (ஃபைபர்) பதித்த நுண்கோடுகள்; உள்ளே போகும் ஒளியில் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும், இழை நீண்டால் அந்த அலைநீளம் மாறும். பெரிய மோட்டார், உயரழுத்த வடம் எது பக்கத்தில் இருந்தாலும் மின்காந்த இரைச்சல் அண்டாது. அளவு பிசகுகிறது என்றால் முதலில் பசையையும் வெப்பநிலைத் திருத்தத்தையும் சந்தேகியுங்கள். அளவுக்கருவியின் முறை அதற்குப் பிறகுதான்.

1550 நானோமீட்டர் அலைநீளத்தில், திரிபு 1 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சி) கூடினால் கிரேட்டிங்கின் உச்சம், அதாவது திரும்பிவரும் ஒளி மிகுந்திருக்கும் அலைநீளம், சுமார் 1.2 பிக்கோமீட்டர் நகரும் (1000 பிக்கோமீட்டர் ஒரு நானோமீட்டர்). வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால், எதிலும் ஒட்டாத ஃபைபரில் சுமார் 10 பிக்கோமீட்டர். இரும்பில் ஒட்டியதில், இரும்பின் விரிவும் சேர்ந்து சுமார் 23. ஒரே ஃபைபரில் பல கிரேட்டிங் கோப்பதானால் உச்சங்களுக்கு நடுவே 6 நானோமீட்டர் இடைவெளி விடுங்கள். 1510 முதல் 1590 வரை படிக்கும் கருவியில் 12 சென்சார் தாராளமாக அடங்கும். இடைவெளியைக் குறைத்தால் வெயில் நேரத்தில் இரண்டு உச்சங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எது எது என்றே தெரியாமல் போகும்.

வாங்கும்போது பாலிஇமைடு பூச்சுள்ள ஃபைபரைக் கேளுங்கள். சாதாரண அக்ரிலேட் பூச்சு மென்மையானது. நீண்டநாள் இழுவையில் ஃபைபர் பூச்சுக்குள்ளேயே மெல்ல வழுக்கும்.

கர்டரில் பெயின்ட், துரு எல்லாம் போகத் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரிந்ததும் 220 உப்புத்தாள், பிறகு 400. கடைசித் தேய்ப்பு அளக்கும் திசைக்கு 45 டிகிரி சாய்வில், இரு பக்கமும் குறுக்காக. அசிட்டோன் நனைத்த துணியால் ஒரே திசையில் துடையுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுகிறோம். துணியில் கறை வராத வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். துடைத்த அரை மணிக்குள் ஒட்டிவிட வேண்டும், ஏனென்றால் இரும்பு மறுபடி துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.

ஒட்டுமுன் ஃபைபரை இரு முனையிலும் பிடித்து, திரையில் உச்சம் 1 நானோமீட்டர் கூடும்வரை இழுத்து டேப்பால் நிறுத்துங்கள். இழுக்காமல் ஒட்டினால் கர்டர் அமுங்கும்போது ஃபைபர் நெளிந்து, சுருக்கத்தைக் காட்டாது. சில நாள் சோதனைக்குச் சயனோஅக்ரிலேட் போதும். ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டியதற்கு இரு பகுதி எப்பாக்சிதான். பசை மெல்லிய படலமாக, கிரேட்டிங்கின் இரு முனையையும் தாண்டி ஒரே சீராகப் பரவ வேண்டும். அறை வெப்பத்தில் 24 மணி நேரம் தொடாதீர்கள்.

காய்ந்ததும் திரையில் உச்சத்தின் வடிவத்தைப் பாருங்கள். ஒட்டுமுன் ஒற்றையாக இருந்த உச்சம் அகன்றோ இரண்டாகப் பிளந்தோ இருந்தால் பசை சீராக இல்லை. அதைச் சுரண்டிவிட்டுப் புதிய சென்சார் ஒட்டுவதே சரி. கணக்கில் சரிசெய்ய முடியாது. மேலே பியூட்டைல் டேப், அதன்மேல் தகட்டு மூடி. ஃபைபரை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. பச்சைக் கனெக்டரை நீலக் கனெக்டரோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள்: பச்சையின் முகம் 8 டிகிரி சாய்வு, நீலத்தில் அந்தச் சாய்வு கிடையாது.

இனி வெப்பநிலை. கர்டர் 10 டிகிரி சூடானால் உச்சம் 230 பிக்கோமீட்டர் நகரும். திருத்தாமல் படித்தால் அது சுமார் 190 மைக்ரோஸ்ட்ரெயின், இரும்பில் ஏறத்தாழ 38 மெகாபாஸ்கல் தகைவு (பரப்பலகுக்கு விழும் விசை). உண்மையில் சுமையே ஏறியிருக்காது. ஆகவே அதே ரக இரும்பில் ஒரு சிறு தகட்டை வெட்டி, இன்னொரு கிரேட்டிங்கை அதே பசையால் ஒட்டி, வெப்பம் கடத்தும் களிம்பு தடவிக் கர்டரின்மேல் சென்சாருக்குப் பக்கத்தில் வையுங்கள். இறுக்கிக் கட்டக் கூடாது. சுமை தகட்டுக்குப் போகவே கூடாது. முதல் சென்சாரின் நகர்வில் இதன் நகர்வைக் கழித்து 1.2 ஆல் வகுத்தால் சுமைத் திரிபு. தனியாக வெப்பநிலை அளந்து குணகம் போட்டுக் கழிப்பதைவிட இதுதான் நம்பகமானது. பசையின் விளைவும் சேர்ந்தே கழிந்துவிடும்.

பூஜ்ய அளவை விடியலுக்கு முன், கர்டர் முழுதும் ஒரே சூட்டில் இருக்கும்போது எடுங்கள். பிறகு எடை தெரிந்த சுமையை ஏற்றி, கணக்கில் வரும் திரிபோடு ஒப்பிடுங்கள். சென்சார் காட்டும் அளவு எப்போதும் குறைந்தே வந்தால் பசைப் படலம் தடித்திருக்கிறது, அல்லது ஒட்டு விடத் தொடங்கியிருக்கிறது. சுமையை எடுத்தபின் பூஜ்யத்துக்குத் திரும்பாவிட்டால் முதலில் ஒட்டு வழுக்கியதா என்று பாருங்கள். ஒட்டு நன்றாக இருந்தால் கர்டரையே சோதிக்க வேண்டும்.