பழைய ரத்தக்காட்டேரிப் படங்கள்: பார்ப்பதற்கு முன் பிரதியைச் சோதிப்பது எப்படி?

கறுப்பு வெள்ளைக் காலத்தில் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ரத்தக்காட்டேரிப் படங்களில் பல இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிப்புரிமை காலாவதியாகி யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்ற நிலை வந்துவிட்டதால், தேய்ந்துபோன பிரதியிலிருந்து எடுத்த நகலின் நகல்தான் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுகிறது. அதைப் பார்த்துவிட்டு, கையில் காசில்லாதவர்கள் எடுத்த படம் இப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் நாம் காணும் அந்த வறுமையில் பாதி, படமெடுத்தவர்களுடையது அன்று; பிரதியினுடையது. ஆகவே எந்தப் படம் என்று தீர்மானித்த பிறகு, எந்தப் பிரதி என்பதற்கும் சற்று நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் சோதிக்க வேண்டியது நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஏது நிறம் என்று கேட்கத் தோன்றும். 1922இல் மூர்னாவ் இயக்கிய ஜெர்மானிய மௌனப் படமான ‘நோஸ்ஃபெராட்டு’வில் வெளிப்புற இரவுக் காட்சிகள் பகல் வெளிச்சத்தில்தான் எடுக்கப்பட்டன, அன்றைய படச்சுருளால் உண்மையான இரவைப் பதிவு செய்ய முடியாது. பின்னர், திரையரங்குக்குச் செல்லும் பிரதியில் அந்தப் பகுதிகளுக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். விளக்கு எரியும் அறைகளுக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு. சாயம் இல்லாத பிரதியில், படத்தின் காட்டேரியான ஓர்லோக் பிரபு தன் சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டப்பகலில் ஊருக்குள் நடந்து போகிறார். அதே ஓர்லோக்தான் கடைசியில் காலைச் சூரியன் பட்டுப் புகையாக மறைகிறார். காட்டேரி வெயில் பட்டால் அழியும் என்ற வழக்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்த படத்திலேயே இப்படி ஓர் ஓட்டை விழுந்துவிடுகிறது. மூர்னாவ் பெயரிலுள்ள அறக்கட்டளை மீட்டெடுத்த, சுமார் 94 நிமிடம் ஓடும் சாயம் ஏற்றிய பதிப்பைத் தேடுங்கள். மிகக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும் பிரதியில் படச்சுருளை வேகமாக ஓட்டியிருப்பார்கள், அல்லது காட்சிகளை வெட்டியிருப்பார்கள். எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத் தெரிந்தால், ஓர்லோக்கின் குதிரை வண்டி மட்டும் இயல்புக்கு மாறாக விரைந்து வருவது மூர்னாவ் வேண்டுமென்றே செய்தது என்பது யாருக்கும் புரியாது.

சில பேசும் படங்களிலும் நிறத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. 1933இல் மெஜஸ்டிக் என்ற சிறு நிறுவனம் அவசர அவசரமாக எடுத்து வெளியிட்ட ‘தி வாம்பயர் பேட்’ படத்தில், ஊரார் தீப்பந்தங்களுடன் துரத்தும் காட்சியில் தீச்சுடர்களுக்கு மட்டும் கையால் வண்ணம் தீட்டப்பட்டிருந்தது. மீட்டெடுத்த பதிப்பில் அதைக் காணலாம், மலிவுப் பிரதிகளில் சாம்பல் புள்ளிகள்தான் ஆடும். 1958இல் வந்த ‘தி ரிட்டர்ன் ஆஃப் டிராகுலா’வில் ஒரு பெண்ணின் நெஞ்சில் ஆப்பு இறங்கும் ஒரே ஒரு காட்சியில் ரத்தம் சிவப்பாகப் பொங்கும். படம் முழுவதற்கும் வண்ணச்சுருள் வாங்கப் பணம் இல்லாதவர்கள் ஒரு நொடிக்காக வாங்கியது அது. உங்கள் பிரதியில் அது கறுப்பாக வந்தால் நீங்கள் பார்ப்பது வேறு படம்.

அடுத்து, திரையின் அகலம். வின்சென்ட் பிரைஸ் நடித்த ‘தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்’ (1964) ரோமில் எடுக்கப்பட்ட அகலத்திரைப் படம். வெறிச்சோடிய அகலமான சாலைகள்தாம் அதில் பெரிய அரங்க அமைப்பு. அதற்குச் செலவும் அதிகமில்லை. சதுரத்துக்கு நெருக்கமாக வெட்டிய பிரதியில் அந்தச் சாலைகள் காணாமல் போய், தனிமையில் வாழும் மனிதனின் கதை நெரிசலான படமாகிவிடும்.

பிரதி சரியாக அமைந்தபின் தொலைக்காட்சிப் பெட்டியைக் கவனியுங்கள். அசைவுகளை வழவழப்பாக்கும் வசதியையும் பளிச்சென்று காட்டும் அமைப்பையும் அணைத்துவிட்டு, சினிமா அமைப்புக்கு மாற்றி, அறை விளக்கையும் அணையுங்கள். ‘கான்ட்ராஸ்ட்’டை ஏற்ற வேண்டாம். குறிப்பாக, டென்மார்க் இயக்குநர் டிரையரின் ‘வாம்பீர்’ (1932) படத்தில் எல்லாம் வெளிறிய சாம்பலாகத் தெரிவது கோளாறு அன்று. ஒளிப்பதிவாளர் ரூடால்ஃப் மாத்தே லென்ஸுக்குச் சற்று முன்னால் மெல்லிய வலைத்துணியைப் பிடித்து, வேண்டுமென்றே அந்த மங்கலை உண்டாக்கினார். முதலீடு செய்த செல்வந்தர் குன்ஸ்பர்கே புனைபெயரில் கதாநாயகனாக நடித்தார் என்பதும் சேர்த்து அறிய வேண்டியது. அவருடைய நடிப்பு ஏன் மரக்கட்டையாக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை அதில் இருக்கிறது, ஆனால் கனவில் நடப்பவனைப் போன்ற அந்தப் பாத்திரத்துக்கு அதுவே பொருந்திவிட்டது.

இனிப் பார்க்கும் முறை. பணம் எங்கே மிச்சப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதை ஒவ்வொரு காட்சியிலும் தேடுங்கள். ‘தி வாம்பயர் பேட்’டின் கிராமத் தெரு, யுனிவர்சல் நிறுவனம் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் பயன்படுத்திய அரங்கிலிருந்து இரவல் வாங்கியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வீடுகள் உங்களுக்கு அடையாளம் தெரியும். ஆனால் இவ்வகைச் சிக்கனத்தின் உச்சம் என்று நான் கருதுவது இத்தாலியின் ‘ஈ வாம்பீரி’ (1957). 12 நாள் கெடுவில் தொடங்கிய படத்திலிருந்து இயக்குநர் ஃபிரேதா பாதியில் விலகிக்கொள்ள, ஒளிப்பதிவாளர் மாரியோ பாவா எஞ்சியதை முடித்தார். அதில் ஓர் இளம்பெண், காட்சி எங்கும் துண்டிக்கப்படாமலே, கண்ணெதிரில், கிழவியாகிறாள். முகத்தில் சுருக்கங்கள் முன்பே வண்ணத்தில் வரையப்பட்டிருந்தன. சிவப்பு வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளைச் சுருளுக்கு அவை தெரியாது, வெளிச்சத்தின் நிறம் மெல்ல மாறும்போது கோடுகள் கறுத்து மேலே வரும். இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்: புறங்கையில் சிவப்புச் சாந்தால் கோடுகள் வரைந்து, கைப்பேசிக் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, டார்ச்சின் மேல் முதலில் சிவப்பு, பிறகு பச்சைக் கண்ணாடித்தாளை வையுங்கள்.

வரிசை என்று கேட்டால், ‘நோஸ்ஃபெராட்டு’வில் தொடங்கி, ‘வாம்பீர்’, ‘ஈ வாம்பீரி’, பிறகு அதே ஆண்டில் மெக்சிகோவில் வந்த ‘எல் வாம்பீரோ’ என்று போகலாம். பி.ஆர்.சி. என்ற அமெரிக்கச் சிறு நிறுவனத்தின் ‘டெட் மென் வாக்’ (1943) போன்றவற்றை, ஜார்ஜ் சூக்கோவின் இரட்டை வேடத்துக்காக மட்டும், ஓய்வான பொழுதுக்கு வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு சிங்கப்பூர். ஜெமினியின் ‘மதனகாமராஜன்’ (1941) படத்தை இயக்கிய பி. என். ராவ்தான் கேத்தே-கெரிஸ் நிறுவனத்துக்காக 1957இல் ‘பொந்தியானக்’ என்ற மலாய்ப் படத்தை இயக்கினார். ரத்தம் குடிக்கும் பெண்பேயாக மரியா மெனாடோ நடித்த அந்தப் படம் பெரும் வெற்றி பெற்றும், அதன் பிரதி இன்று கிடைப்பதில்லை. தொடர்ச்சியாக 1958இல் வந்த ‘சும்பா பொந்தியானக்’ எஞ்சியிருக்கிறது. இதற்கு மட்டும் மேலே சொன்ன சோதனைகளைத் தள்ளிவைத்துவிட்டு, கிடைக்கும் பிரதியைப் பாருங்கள்.